கைப்பிடிக்கு ஓட்டை

"ஆணிய எறக்கி வைடா மொதல்ல!"ன்னு கத்துனா சீனியம்மா கெயவி. ராசையா காதுல வாங்காத மாதிரி சவப்பொட்டி மூடிய செவுத்துல சாச்சிட்டு, சுத்தியல புடிச்சிகினு நின்னான்.

பொட்டிக்குள்ள கெடக்குறவன் செல்வநாதன், கெயவிக்கு ஒரே புள்ள. ராசையா அவனுக்கு மச்சான், செல்வநாதன் பொண்டாட்டி தேவப்பிரியத்துக்குக் கூடப்பொறந்த அண்ணன். அவங்க சனத்துல பொட்டிக்கு மொதோ ஆணிய மச்சான்காரன்தான் அடிக்கணும். அவன் அடிக்காம வேற யாரும் சுத்தியலத் தொடமாட்டாங்க.

ரெண்டு பேருக்கும் தண்டையார்பேட்டைல ஒரே ஷெட்ல வேலை. ஜப்பான்காரன் யுத்தம் நடக்குதுல்ல, பட்டாளத்து லாரிங்க வரிசை கட்டி நிக்கும். குண்டு தாங்குற தகட்டுக்கு எங்க போறது? ஒடஞ்ச பாய்லரு, பழைய கப்பலு, எதுல கெடைச்சாலும் வெட்டியாந்து, செவுத்துல வறட்டி தட்டுற மாதிரி லாரி சுத்தி அடிச்சி, துரு புடிக்காம செவப்பு பெயிண்ட்ட பூசி வுடுவாங்க. ராசையா அடிப்பான், செல்வநாதன் எண்ணூர் ரோட்ல ஓட்டிப் பாப்பான். கண்ணாடி கெடையாது. தபால் பொட்டி வாய் கணக்கா ஒரு சந்து, அதுலதான் ரோட்டப் பாக்கணும்.

முந்தாநேத்து அந்த வெயிட்டுக்கு பிரேக்கு புடிக்காம லாரி கால்வாயில குப்புறக் கவுந்துடுச்சி. தண்ணி ஆளு ஒசரம் கூட இல்ல. காசிமேட்டுக் கடல்ல நீஞ்சி வளந்தவன் எப்பிடி வெளிய வரல?

"குடிச்சிட்டு ஓட்டினு போயிருக்கான்"ன்னு ஷெட் மேஸ்திரி சொன்னான். ராசையாவும் ஆமான்னு தலைய ஆட்டிட்டான்.

"கோயில்ல குடுக்குற திராட்சரசத்துக்கே மூஞ்சிய சுளிப்பான்டா என் புள்ள! குடிச்சானாம், குடிச்சான்! உன் வாயில புத்து வைக்க!"

தேவப்பிரியம் புருசன் கையவே பாத்துகினு இருந்தா. குளிப்பாட்டும்போது பாத்தது. மூணு நகம் பிஞ்சி கீது. மிச்ச நகத்துக்குள்ளாற செவப்பு. ரத்தம்னு கெயவி தேச்சித் தேச்சிக் கழுவுனா, போவல. ரத்தமா இருந்தாத்தான போவும்.

"ண்ணா, கதவுக்கு உள்பக்கம்தான தகடு அடிச்ச? கைப்பிடிக்கு ஓட்டை வெட்டுனியா?"

"சாவு வூட்ல இன்னாத்துக்கு அந்தப் பேச்சு?"

"வெட்டுனியா?"

ராசையா குரல எறக்குனான். "சாயங்காலத்துக்குள்ள பத்து லாரி வேணும்னு மேஸ்திரி கழுத்துல குந்திகினான். அப்பால வெட்டிக்கலாம்னு வுட்டேன். தெனம் அவன் ஓட்டிட்டு வந்தா வெளிய இருந்து நான்தான, பிரியம், தொறந்து வுடுவேன்..."

அவ புருசனோட நகம் பிஞ்ச வெரல எடுத்து தன் கைக்குள்ள மூடிகினா.

"வாசல்ல ஏட்டு வந்து கீறாரு. குடிச்சிருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லாங்காட்டி என்னை உள்ள தள்ளிடுவானுங்க. அப்புறம் உனக்கும் புள்ளைங்களுக்கும் யாரு கஞ்சி ஊத்துவா, இந்தக் கெயவியா?"

ஏட்டு நோட்டும் பென்சிலுமா உள்ள வந்தாரு. "இந்தாம்மா, அன்னிக்குக் காலையிலயே உன் புருசன் குடிச்சிருந்தானாமே?"

"இல்ல."

"நல்லா யோசனை பண்ணிச் சொல்லு."

"இல்ல சார். எழுதிக்கோங்க."

ராசையா அவள மொறைச்சான். "போ. இன்னிலருந்து எனக்கு நீ தங்கச்சியே இல்ல."

"நேரமாவுதுப்பா, மூடிய வைங்க"ன்னாரு ஜெபம் பண்ண வந்த உபதேசியார்.

மூடிய வச்சாங்க. ராசையா ஆணிய ஓரத்துல நிறுத்தி சுத்தியல ஓங்குனான். ஆணிக்குப் பக்கத்துல உள்ளங்கைய விரிச்சி வச்சா தேவப்பிரியம்.

"கைய எடு."

எடுக்கல.

"எடுடீ!"

எடுக்கல. ஓங்குன சுத்தியல் அப்பிடியே நின்னுச்சி. உபதேசியார் சுத்திமுத்திப் பாத்தாரு. வேற ஒருத்தனும் முன்னால வரல.

"ஆணி வேணாம். தூக்குங்க"ன்னா தேவப்பிரியம்.

நாலு பேரு தூக்குனாங்க. ராசையா ஆணிய கையிலயே வச்சிகினு பின்னால நடந்தான். காசிமேட்டுக் கல்லறை வரைக்கும் ரோடு பூரா குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் பொட்டி மூடி லேசா எழும்பி எழும்பி அடங்கிச்சி.