நல்லாத்தான் இருக்கார்

“எப்படி இருக்கீங்க பாய்?” என்று ஜெயசீலி கேட்டதும், வழக்கம்போல் தில்ஷாத்தான் முந்திக்கொண்டாள்.

“நல்லாத்தான் இருக்கார் சிஸ்டர்.”

ஆம்பூரில் பஸ் ஏறும்போதே தயார் செய்துகொண்ட பதில். கணவருக்கு பேஸ்மேக்கர் வைத்ததிலிருந்து ஒவ்வொரு செக்கப்பிலும் அவள் இதையேதான் சொல்லிவருகிறாள். மூச்சு வாங்குகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் மறுபடியும் நெஞ்சைக் கீறிவிடுவார்களோ என்று பயம். அப்துல் சமத்தும் தலையாட்டிவைப்பார். ஷூ கம்பெனியில் ஒரு செக்‌ஷனையே மேய்த்த சூப்பர்வைசர், ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் பெட்டிப்பாம்புதான்.

ஜெயசீலி இந்தப் பிரிவுக்குப் புதிது. வாய்ப்பேச்சை நம்புகிற ரகமில்லை. அவரைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டாள். பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உள்ளே கூட்டிவந்து படுக்கவைத்து, மார்பின்மேல் ஒரு வட்டக் கருவியை வைத்தாள். கணினியைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். உட்கார்ந்திருப்பவருக்குப் போதுமான வேகத்திலேயே மெஷின் இத்தனை நாளும் ஓடியிருக்கிறதாம். நடக்கும்போது துடிப்பு ஏறவேயில்லையாம். டாக்டர் சொன்னபடி அளவுகளை மாற்றினாள். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை.

மறுபடி நடந்தார். கோடிவரை போய்த் திரும்பியும் வந்தார். தில்ஷாத் சந்தோஷத்தில் அல்லாஹ்வை அழைத்தாள். அடுத்த கணமே அந்த நாள் நினைவுக்கு வந்தது. போன ரம்ஜானுக்கு முன்னால் அவருடைய அண்ணன் நிசார் அஹமது மவுத்தானபோது, உடலைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுக்க எழுந்தவரை, மூச்சு வாங்கும் என்று தடுத்து உட்காரவைத்தது அவள்தான். தெருமுனை திரும்பும்வரை நாற்காலியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். அழக்கூட இல்லை.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா,” என்றாள் ஜெயசீலி. குறை சொல்கிற குரலில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

வெளியே வந்ததும் தில்ஷாத் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அன்னிக்கு உங்கள போக விட்டிருக்கணும்.”

“நான் மட்டும் வாயத் தொறந்தேனா?” என்றார் சமத். “ஒரு தோள் குடுத்திருப்பேன். நாலு அடியாவது.”

எதிரே சரிவில் ஆஸ்பத்திரி ஊழியர் ஒருத்தி தனியாக ஸ்ட்ரெச்சரைத் தள்ள முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். சமத் போய் ஒரு பக்கக் கம்பியைப் பிடித்தார். வேண்டாங்க என்று கூப்பிட வாயெடுத்த தில்ஷாத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரென்றே தெரியாத அந்த நோயாளியைத் தள்ளிக்கொண்டு அவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார்.