மூலையில் ஒரு சந்தனப் பொட்டு

கதவு மணி அலறியது. நிரோஜாவின் கையிலிருந்த ஈரப் பஞ்சு நழுவி மேசையில் விழுந்தது.

குன்வோர் வந்துவிட்டார். கீழ்வீட்டு நோர்வேஜிய மூதாட்டி. மேசையில் கிடந்த பறவைகளுக்குச் சொந்தக்காரி.

பறவைகள் என்றால் அட்டைப் பறவைகள். ஒரு காலத்தில் கோப்பிப் பைக்கற்றுக்குள் விளம்பரத்துக்காகப் போட்டுக் கொடுத்தவை. பின்பக்கம் கோப்பியின் பெருமை, முன்பக்கம் ஒரு குருவி. படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை செய்யும் நிரோஜா, குன்வோர் தன் தகரப்பெட்டியைத் திறந்து காட்டிய முதல்முறையே மயங்கிவிட்டாள். பனிக்கிளையில் இருந்த செந்நெஞ்சுக் குருவியின் கண்ணில் துளி வெளிச்சம். பார்த்துக்கொண்டே இருந்தால் கிளை மெல்ல ஆடும். அட்டை காலியாகி, ரொம்மன் என்ற அந்தப் புறநகரின் மாடிவீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பேர்ச் மரத்தில் குருவி போய் உட்காரும். கண்ணை மூடித் திறந்தால் திரும்பி வந்திருக்கும்.

இது விளம்பரம் இல்லை, கலை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி, சட்டம் போட அட்டைகளை இரவல் வாங்கிவந்து, நூலகத்தில் கண்காட்சிக்கு நாளும் குறித்துவிட்டாள். வரைந்தது யார் என்று கேட்டதற்கு மட்டும் குன்வோர், கோப்பிக் கம்பனி என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார். கடைசி முடிவு சொல்லத்தான் இன்றைக்கு வருவதாக இருந்தார். மாட்டேன் என்றால் பறவைகள் மறுபடி தகரப்பெட்டிக்குள்.

இன்றைக்கே சரஸ்வதி பூசையும். அவள் வேலைக்குப் போன நேரம், வீட்டிலிருந்த கணவன் ரிஷிகேசன், பிள்ளைகளின் புத்தகங்கள், தன் பஸ் லைசென்ஸ் எல்லாவற்றோடும் அட்டைகளையும் சாமிப் படத்தின் முன் அடுக்கி, ஒன்று விடாமல் சந்தனப் பொட்டு வைத்துவிட்டான்.

வந்து பார்த்தவள் அட்டைகளை அள்ளி மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"என்ன வேலை பாத்து வச்சிருக்கிறீங்கள்? அந்த மனிசியின்ர சாமானெல்லே."

"நீர்தானே கலை எண்டு சொன்னனீர். பிறகு கலைமகளுக்கு முன்னால வைக்காமல் அடுப்படியிலையே வைக்கிறது?"

அவள் ஈரப் பஞ்சால் ஓர் அட்டையைத் துடைத்துப் பார்த்தாள். மஞ்சள் போகவில்லை, தாள்தான் உரிந்து வந்தது. அப்போதுதான் மணி அடித்தது.

குன்வோர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே மேசைக்கு வந்தார். நிரோஜா ஒன்றையும் மறைக்கவில்லை. கல்வியும் கலையும் தரும் தெய்வத்தின் முன் வைக்கும் பொருளுக்குப் பொட்டு வைப்பது எங்கள் மரியாதை என்று, தலை நிமிராமல் சொன்னாள். கண்காட்சி வேண்டாமென்றாலும் கோபிக்க மாட்டேன் என்றாள். ரிஷிகேசன் பிடிபட்ட கள்ளன் போலத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். ஒரு பறவையிலும் படாமல்தான் வைத்ததாக முணுமுணுத்தான்.

அது உண்மைதான். ஒவ்வொரு பொட்டும் கீழே, வலப்பக்க வெள்ளை மூலையில், அச்சுப் பிசகாமல் இருந்தது.

குன்வோர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் விரல் அட்டை அட்டையாக அந்த மூலையைத் தொட்டுக்கொண்டே போனது. வெளியே பேர்ச் இலைகள் மஞ்சளாய் உதிர்ந்தன. அட்டைகளெல்லாம் காலியாகி, அறை முழுக்கச் சிறகடிப்பது போல நிரோஜாவுக்குத் தோன்றியது.

"துடைக்காதே, நிரோஜா," என்றார் குன்வோர். "இந்த மூலையில் தன் பெயரைப் போட, அந்தக் கம்பனி என் அம்மாவை ஒருநாளும் விட்டதில்லை."