டி-17இல் யாரும் குடியிருக்கவில்லை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றிய கதை அல்ல. என்னிடம் ஒருத்தி கடிதம் கேட்டாள். அதை எழுதாமல் தள்ளிப்போடுவதற்காக உட்கார்ந்தபோது இது வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்து நீங்கள் கோபப்படுவதைவிட இது மேல்.

கேட்டவள் பிரிஸில்லா. ஐம்பத்தெட்டு வயது. கணவன் ஓஸ்வால்ட் இறந்து நான்கு வருடமாகிறது. கேட்டது ஒரே ஒரு பக்கம். வீடு கேட்டு அவள் போட்ட மனு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணைக்கு வருகிறது. அதற்குள் நான் அந்தப் பக்கத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, கூடவே வந்து நிற்கவேண்டும். நின்றால் அவளுக்கு ஒரு படுக்கையறை கொண்ட வீடு கிடைக்கலாம். நிற்காவிட்டால் நிச்சயம் கிடைக்காது.

இன்று செவ்வாய். ஒரு பக்கம் எழுதவேண்டியவன் ஆறு பக்கத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"பெங்களூரின் கிழக்கு விளிம்பில், போர்க்காலத்தில் அவசர அவசரமாகப் போட்ட ஓடுபாதை ஒன்று எண்பது வருட வெயிலைத் தாங்கி—" வேண்டாம். ஓடுபாதை எதையும் தாங்கவில்லை. வருடா வருடம் தார் போட்டோம்.

"முந்நூற்றுப் பத்து ஏக்கர், பதினான்கு டவர்கள், டவருக்கு இருபத்திரண்டு மாடி—" இதைக் கட்டுகிறவர்களின் விளம்பரத்தாள் என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறது, நீச்சல்குளத்தின் படத்தோடு.

"அவள் சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கினாள்." இது இருக்கட்டும்.

(ஒரு விஷயம். விமானப்படைத் திடலை மூடியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இறங்கும் பாதைக்கு நேர்கீழே பள்ளிக்கூடமும் கல்யாண மண்டபமும் வந்துவிட்டன. வாடகைக்கு வீடு தேடி ஜனங்கள் ஆனேக்கல் வரை போய்க்கொண்டிருக்கும் ஊரில் அவ்வளவு நிலத்தைப் புல் முளைக்க விட்டுவைப்பது நியாயமும் இல்லை. ஆகவே இந்தக் கதையில் வில்லன் வருவார் என்று காத்திருக்கவேண்டாம். திடலின் பெயரையும் சொல்லப்போவதில்லை. வரைபடத்தில் தேடாதீர்கள்.)

3

அவள் சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கினாள். இருதய ஆண்டவர் படம் மாட்டியிருந்த ஆணி. ஓட்டையில் சோப்பை வைத்து அழுத்தி, மேலே சுண்ணாம்பு தடவினாள். காய்ந்தபின் அங்கே ஆணி இருந்ததென்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஓஸ்வால்டுக்கு ஓடுபாதையில் வேலை. விடிந்ததும் கிளம்பும் முதல் விமானத்துக்குமுன் நாய்களையும் பருந்துகளையும் விரட்டவேண்டும். குனிந்துகொண்டே நடந்து கல், ஆணி, கம்பித்துண்டு எல்லாம் பொறுக்கவேண்டும். ஒரு சின்னத் திருகாணி போதும், எஞ்சினை நாசமாக்க. விடியுமுன் வேலை என்பதால் ஓடுபாதையின் கோடியில் இருந்த பழைய தீயணைப்புக் குடிசையில் குடும்பத்தோடு இருந்துகொள் என்று அப்போதைய அதிகாரி சொன்னார். வாயால்தான் சொன்னார். எழுதித் தரவில்லை. எழுதித் தர அவருக்கு அதிகாரம் கிடையாது. அது குடியிருப்புக் கட்டடம் இல்லை. பதிவேட்டில் அதன் பெயர் டி-17.

வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரியில், கட்டடங்களைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஒரு குழு வரும். "போர்டு வருது" என்போம். போர்டு வருவதற்கு முந்தின நாள் டி-17 காலியாகவேண்டும். வெறுமனே பூட்டினால் போதாது. யாரும் ஒருபோதும் வாழ்ந்ததில்லை என்று தெரியவேண்டும்.

இதில் பிரிஸில்லாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கட்டிலைக் கழற்றி, ஸ்டவ், தையல் மெஷின், பாத்திரம் எல்லாவற்றையும் ஜீவனஹள்ளியில் இருக்கும் தம்பி லாயிட் வீட்டுக்கு ஏற்றி அனுப்புவாள். கறிவேப்பிலையை எப்போதும் டின்னில்தான் வைத்திருந்தாள், தூக்கிப்போக வசதியாக. புகை படிந்த மூலைக்கு வெள்ளையடிப்பாள். கடைசியாக, கூட்டிய தரையில் கைப்பிடி மண்ணை அவளே தூவுவாள். ரொம்பச் சுத்தமாக இருந்தாலும் சந்தேகம் வருமே!

மறுநாள் சாயங்காலம் எல்லாம் திரும்பி வரும். ஆணி அதே இடத்தில் அடிக்கப்படும்.

4

நான் யார் என்று இதுவரை சொல்லவில்லை. கதைசொல்லி இப்படி ஒளிந்துகொள்வது ஒரு உத்தி என்று உங்களுக்குத் தோன்றினால் மிகவும் நன்றி. உத்தி இல்லை, பயம்.

அந்தத் திடலின் பராமரிப்பு அலுவலகத்தில் நான் கிளார்க். அதிகாரிகள் இரண்டு வருடத்துக்கொருமுறை மாறுவார்கள். நான் மாறவில்லை. போர்டுக்கான அறிக்கையைத் தட்டச்சு செய்தது நான்தான். 2001 முதல் 2020 வரை, இருபது பிப்ரவரிகள். டி-17க்கு நேராக ஒவ்வொரு வருடமும் அதே சொற்கள்: "ஆளில்லை. பயன்பாட்டில் இல்லை."

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த ஆளில்லாத கட்டடத்திலிருந்து எனக்கு ஒரு டப்பா கல்கல் பலகாரமும் ரோஸ் குக்கீஸும் வந்தன. தின்றுவிட்டு டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தோம்.

ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு எல்லாவற்றிலும் லாயிட் வீட்டு விலாசத்தைப் போடச் சொன்னதும் நான்தான். நல்லதுக்குத்தான் சொன்னேன். நல்லதுக்குத்தான் — (இந்த வாக்கியத்தை நான்கு தடவை முடிக்கப் பார்த்தேன். விட்டுவிடுகிறேன்.)

5

திடல் மூடப்பட்டது. போர்டு வருவதும் நின்றது. ஓஸ்வால்ட் போனபிறகும் பிரிஸில்லா டி-17இல்தான் இருந்தாள். முதல்முறையாக ஆணியைப் பிடுங்காமல் மூன்று பிப்ரவரிகள் கழிந்தன.

பிறகு சர்வே வந்தது. திடலுக்குள் பத்து வருடத்துக்குமேல் குடியிருந்தவர்களுக்கு டவர்களின் பின்புறத்தில் ஆளுக்கொரு வீடு என்று அரசு ஒப்புக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டுக் குடும்பங்களின் பெயர் பட்டியலில் ஏறியது. சர்வேயர் நரேஷ் என்ற கன்னட இளைஞர். நல்ல மனிதர். பிரிஸில்லா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். அன்று நானும் அங்கே இருந்தேன். அவள்தான் கூப்பிட்டிருந்தாள்.

"டி-17, 2020 வரைக்கும் ஆளில்லன்னு இருக்கும்மா ரெக்கார்டுல. அப்ப நீங்க மூடின பின்னாடி உள்ள வந்தவங்க."

"உள்ள வந்தவங்களா? இருபத்தேழு வருஷம் சார்! என் பையன் இங்கதான் நடக்கக் கத்துக்கிட்டான்."

"ஒரு பில்லு? கரெண்ட்டு, கேஸ், ஏதாச்சும்? ஒரு போட்டோ?"

"போட்டோ எடுக்கக் கூடாது, ஏர்ஃபோர்ஸ் இடம்னு ஓஸ்வால்ட் விடல சார்."

"நம்ம கையில ஏனும் இல்லம்மா. ரெக்கார்டு என்ன சொல்லுதோ அதான் எழுதணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீவு யாரு சார்? சொந்தமா?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

கதையில் இந்த இடத்தை வேறுமாதிரி எழுதியிருக்கலாம். "அந்த ரெக்கார்டை அடிச்சது நான்தான், அது பொய்" என்று நான் சொல்வதாக ஒரு வடிவம் என்னிடம் இருந்தது. வாசிக்க நன்றாகவே இருந்தது. கிழித்துப் போட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நவம்பரில் ஜேசிபி வந்து டி-17ஐ ஒரு மணி நேரத்தில் வாரிக்கொண்டு போனது.

6

இப்போது பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம். பிரிஸில்லா ரொம்ப நல்லவளாகத் தெரிகிறாளோ? கொஞ்சம் குறை சேர்க்கலாம் என்று பார்த்தேன். அவளுக்குத் தன் சாமர்த்தியத்தில் அசாத்திய கர்வம். போர்டு வந்த நாளில் லாயிட் வீட்டில் உட்கார்ந்து, "இந்த வருஷமும் ஒரு பருக்கை விட்டிருக்கமாட்டேன், தேடிப் பாக்கட்டும்" என்பாளாம். திடலுக்குள் அதேபோல் குடியிருந்த மற்றவர்கள் சோம்பேறிகள், அவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தாள். அவர்கள் மாட்டிக்கொள்ளவும் செய்தார்கள். அபராதம் கட்டினார்கள். அந்த அபராத ரசீதுகளைக் காட்டித்தான் இப்போது வீடு வாங்கியிருக்கிறார்கள்.

முடிவுகளையும் யோசித்தேன்.

முடிவு அ: இடிப்பதற்குமுன் நரேஷ் சுவரைச் சுரண்ட, சோப்பு அடைத்த ஓட்டை தெரிகிறது. வருடத்துக்கு ஒரு பூச்சாக, மரத்தின் வளையம் மாதிரி சுண்ணாம்பு. ரசமான முடிவு. ஆனால் நரேஷ் சுரண்டவில்லை. சுவர் இப்போது எங்கோ பள்ளத்தில் நிரப்பு மண்.

முடிவு ஆ: பழைய அதிகாரி ஒருவர் டேராடூனிலிருந்து கடிதம் போடுகிறார். அவருக்கு எழுதினேன். பதில் இல்லை. அதற்குமுன் இருந்தவர் இறந்துவிட்டார்.

முடிவு இ: பிரிஸில்லா லாயிட் வீட்டிலேயே நிம்மதியாக இருந்துவிடுகிறாள். லாயிட்டின் மகனுக்கு மே மாதம் கல்யாணம். அவள் இப்போது படுத்திருக்கும் அறையில்தான் புது ஜோடி இருக்கவேண்டும். லாயிட் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. தையல் மெஷினை மட்டும் வாசலுக்கு நகர்த்திவிட்டான்.

மீதி இருப்பது நான்.

7

என் மனைவி மௌரீன் இந்தக் கதையில் வர ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அவளை எழுதாமல் முடியாது.

"பொய் ரிப்போர்ட் அடிச்சேன்னு நீங்களே எழுதிக் குடுப்பீங்களா? உங்களுக்கு புத்தி கெட்டுப்போச்சா? பென்ஷன நிறுத்தினா, என் டயாலிசிஸுக்கு அவளா வருவா?"

"கையெழுத்து போட்டது ஆபீசருங்க. நான் அடிச்சுதான் குடுத்தேன்."

"அப்ப அதையே சொல்லிட்டு பேசாம இருங்க."

(வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். இது கதையின் பாரத்தைக் கூட்டுவதற்காகச் சேர்த்ததல்ல. எடுத்துவிட முடிந்தால் முதல் வேலையாக எடுத்திருப்பேன்.)

வக்கீல் ஒருவரைக் கேட்டேன். "நடவடிக்கை எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம்" என்றார். இப்படியொரு பதிலை நான் கதையில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

8

இன்று புதன். மத்தியானம் பிரிஸில்லா வந்தாள். பக்கம் தயாரா என்று கேட்கவில்லை. மௌரீனின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மேசையில் இருந்த தாள்களைப் பார்த்தாள்.

"இவ்ளோ எழுதிட்டீங்களா அண்ணா?"

அவளுக்குத் தமிழ் படிக்க வராது. கன்னட மீடியத்தில் ஐந்து வகுப்பு. பூசையில் தமிழ்ப் பாட்டெல்லாம் மனப்பாடம்தான். "படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

முதல் வரியிலிருந்து ஏழாம் பகுதி வரை படித்தேன். ஆணியில் சிரித்தாள். மண் தூவுவதில், "அது ஓடுபாதை ஓரத்து மண்ணு. செம்மண்ணுன்னா கலர் காட்டிக்குடுத்துடும்" என்று திருத்தினாள். ரசீது விஷயத்தில் முகம் சுருங்கியது. மௌரீன் பேசிய இடத்தில் மௌரீனைப் பார்த்து, "சரியாத்தான் சொல்லியிருக்கீங்க அக்கா" என்றாள். மௌரீன் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

முடித்ததும் தாள்களை வாங்கி விளிம்பு சேர்த்து அடுக்கினாள்.

"எல்லாம் அப்படியே இருக்கு அண்ணா. ஒண்ணுகூட விட்டுப்போகல. ஓஸ்வால்ட் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்."

"ம்."

"இத காட்டினா வீடு குடுப்பாங்களா?"

"இது கதை, பிரிஸில்லா. கதையில யார் வேணா என்ன வேணா எழுதலாம். இத சாட்சின்னு எடுத்துக்கமாட்டாங்க."

"அப்ப யாருக்காக எழுதினீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு வெட்கம் வந்தது. ஆறு பக்கத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, எதற்கும் பொறுப்பேற்காமல் தப்பிக்க வழி செய்திருக்கிறேன் என்பதை அவள் கேட்டபிறகுதான் கண்டுகொண்டேன். கதை வெளியானால் நாலு பேர் பாராட்டுவார்கள். அவள் வாசலில் தைத்துக்கொண்டிருப்பாள்.

"நாளைக்கு பத்து மணிக்கு காக்ஸ் டவுன் பஸ் ஸ்டாப்புல நிப்பேன்" என்றாள். "முடியலன்னா பரவால்ல அண்ணா. அக்கா உடம்பையும் பாக்கணும்ல." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

9

அவள் போனபின் முத்திரைத்தாளை எடுத்து அந்தப் பக்கத்தை எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரெமிஜியஸ் ஆகிய நான், இன்னின்ன வருடங்களில் டி-17இல் ஓஸ்வால்டும் பிரிஸில்லாவும் குடியிருந்ததை அறிவேன், அறிந்தே ஆளில்லை என்று தட்டச்சு செய்தேன். நான் இதுவரை எழுதியதில் மோசமான நடை. ஒரு பெயரடை இல்லை. கீழே கையெழுத்துக்கான இடம் அப்படியே இருக்கிறது. உள்ளறையில் மௌரீன் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் இதை வாசிக்கும்போது வியாழக்கிழமை எப்போதோ முடிந்திருக்கும். அதனால் உங்களிடமே விட்டுவிடுகிறேன். பத்து மணிக்குக் காக்ஸ் டவுன் பஸ் ஸ்டாப்புக்கு இவன் போனானா, இல்லையா? இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. எழுதி முடித்ததும் அந்த வரியைப் பிரிஸில்லாவுக்கு எதிரே உட்கார்ந்து நீங்களே படித்துக் காட்டவேண்டும்.