அக்கா சாய்ந்து நின்ற மேசை

நான்கு மணிக்குத் திறப்பு. இரண்டே காலுக்கு நான் அந்தத் திருகாணியை இறுக்கினேன்.

கண்காட்சிக் கூடத்தின் நடுவே, வீட்டிலிருந்து கொண்டுவந்த மரமேசை மேல் அக்காவின் வரையும் இயந்திரம். இரண்டு மோட்டார், திருகாணியில் பூட்டிய ஒரு கை, கையின் நுனியில் மைப்பேனா. கடல் அலைகளின் உயரத்தைக் கணினி அனுப்பும்; பேனா கோடு போடும். ஆறு வாரமாக வீட்டில் அது போட்ட கோடுகள் சுவரெங்கும் தொங்கின. ஒவ்வொன்றிலும் மெல்லிய நடுக்கம், யாரோ மூச்சு விட்டதுபோல. பக்கத்தில் அட்டை: 'வரைந்தது: இயந்திரம்.' "நான் ஒண்ணும் பண்ணல, அது போடுது, நான் பாக்கறேன்" என்றுதான் அக்கா எல்லோரிடமும் சொல்வாள்.

அவளுக்கு இது முதல் கண்காட்சி.

நான் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பராமரிப்பவள். ஆடுகிற எதைப் பார்த்தாலும் என் விரல்கள் சும்மா இருக்காது. திருகாணியை இறுக்கினேன். மேசையின் குட்டைக் காலுக்கடியில் ஒரு காலி அட்டைத் துண்டை மடித்து வைத்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை.

இயந்திரத்தை ஓட விட்டோம். கோடு வழவழவென்று வந்தது.

"என்னடி பண்ணின?"

"ஆடிச்சு. சரி பண்ணினேன்."

"உயிரை எடுத்துட்டு சரி பண்ணினேன்ங்கறா பாரு!"

கூடத்தின் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "இதைப் பிரிண்டர்லயே போட்டிருக்கலாமேம்மா. நாலு மணிக்குள்ள பழையபடி வரலைன்னா, மெஷினைத் துணி போட்டு மூடிடலாம்."

அக்கா சுவரில் தொங்கிய கோடுகளைத் திரும்பிப் பார்த்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காலடி அட்டைத் துண்டை உருவினேன். திருகாணியைக் கால் சுற்று தளர்த்தினேன். பிறகு அரைச் சுற்று. கோடு ஆடியது; ஆனால் பல் கிடுகிடுப்பதுபோல ஒரே தாளத்தில் ஆடியது. எட்டுத் தாள் போயிற்று. ஒவ்வொன்றின் மூலையிலும் எத்தனை சுற்று என்று குறித்தேன். அக்கா சுவரோரமாக நின்றாள். கிட்டே நின்றால் எனக்கு வேலை ஓடாது என்று நான்தான் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தேன்.

மூன்று இருபதுக்கு அவளால் பொறுக்க முடியவில்லை. வந்து மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஒன்பதாவதுக்கும் குறிச்சு வெச்சுக்கோ. பரீட்சையில கேப்பாங்க."

பேனா பழையபடி மூச்சு விட்டது.

நான் நிமிர்ந்தேன். "அக்கா, தள்ளு."

"இப்பத்தானடி வந்தேன்!"

"தள்ளுன்னா தள்ளேன்!"

தள்ளினாள். மறுபடி அதே கிடுகிடுப்பு.

"இப்ப சாய்."

சாய்ந்தாள். கோடு தயங்கி, நெளிந்து, எழுந்தது.

"வீட்டுல இது ஓடும்போது எங்க நிப்ப?"

"இங்கதான். இப்படியே."

"ஆறு வாரமும்?"

"வேற எங்க போவேன்? பாக்க வேண்டாமா?"

குட்டைக் கால், தளர்ந்த திருகாணி, தாள், மை, மேசை வழியாக இறங்கிய அவள் மூச்சு. எல்லாம் சேர்ந்துதான் வரைந்திருக்கின்றன. பார்க்கிறேன் என்று அவள் நினைத்த நேரமெல்லாம் அவள் வரைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அவள் தன் இடுப்பையே குனிந்து பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பேனாவும் குலுங்கியது.

நான்கு மணிக்குக் கூடம் நிறைந்தது. அக்காவால் மேசையை விட்டு நகர முடியவில்லை. வந்தவர்கள் தூரத்திலிருந்து கையசைத்தார்கள்.

"நாலு பேர்கிட்டயாவது பேசணும்டி. நீ வந்து சாய்."

"நானா? எல்லாரும் பாப்பாங்க."

"பேனாவைத்தான் பாப்பாங்க. வா."

சாய்ந்தேன். கோடு மாறியது. சின்னச் சின்னதாக, அவசரமாக, பதுங்கிப் பதுங்கி வந்தது. பொறுப்பாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது வேற மாதிரி இருக்கே! என்ன இது?"

"அதுவா? அது என் தங்கச்சி சார்" என்றாள் அக்கா, கூட்டத்துக்கே கேட்கும்படி.

பேனா ஒரு துள்ளு துள்ளியது.