ஒரே குழாய்

"அங்கனயே உக்காரு, இருளப்பா. உள்ள வேணாம்."

ருக்குமணி வாசலை மறித்து நின்றாள். வெளியே சாரல். இருளப்பன் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்துப் படத்தை விரித்தான். அவள் மகன் கந்தசாமி நிலைப்படிக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

இருவரும் தேயிலைத் தோட்ட ஆபீசில் கட்டடப் படம் வரைபவர்கள். தபால் வழியே கட்டடக்கலை படித்தார்கள். கோலாலம்பூரில் பரீட்சை தேறி லைசென்ஸ் வாங்கினால்தான் தங்கள் படத்தில் தாங்களே கையெழுத்துப் போட முடியும். முதல் பாகம் தேறிவிட்ட இருளப்பன், இரண்டு முறை கோட்டைவிட்ட கந்தசாமிக்கு மாலைதோறும் சொல்லிக்கொடுத்தான். ஆபீசில் 'வா, போ' என்பவன் இந்த வாசலில் மட்டும் 'நீங்க' என்பான்.

"மொதல்ல காத்தும் வெளிச்சமும் எப்புடி வரும்னு பாருங்கலா. அதுலதான் மார்க்க வெட்றான்."

அது வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. பரீட்சைக்குப் போகப் பாஸ் வேண்டும். பாசுக்குக் கங்காணியின் சிபாரிசு வேண்டும். கங்காணி ராமசாமி கந்தசாமியின் அப்பா. மகனுக்குப் பாஸ் வந்தது. இருளப்பனுக்கு விசாரணை வந்தது. மாலையில் அவன் கூலிவீட்டு லயத்தில் இருப்பதில்லை, காட்டுக்குப் போகிறான் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள்.

மாலையில் எங்கே போகிறாய் என்று ஆபீஸ் முற்றத்தில் வைத்துப் போலீஸ் அதிகாரி கேட்டார்.

"கங்காணியார் வீட்டுல பாடம் சொல்லிக்குடுத்தேன் துரை" என்றான் இருளப்பன்.

ராமசாமியின் முகம் கறுத்தது. தீண்டாச் சாதிக்கு ஒதுக்கிய கீழ்லயத்துக்காரன் தன் மகனுக்கு வாத்தியாரா? சுற்றிலும் சாதிசனம் நின்றது.

"எங்க வீட்டுக்குள்ள இவன் காலே வெச்சதில்ல துரை."

அது பொய்யில்லை. அதிகாரி கந்தசாமி பக்கம் திரும்பினார். அப்பாவும் பார்த்தார். கந்தசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

கைதுசெய்து லோரியில் ஏற்றும்போது இருளப்பன் கத்தினான்: "நீ போயி எழுதுலா! ரெண்டு பேருல ஒருத்தனாச்சும்..."

கந்தசாமி எல்லாப் பாகமும் எழுதினான்; தேறினான்; லைசென்ஸ் வாங்கினான். இருளப்பன் எந்தத் தடுப்பு முகாமில் இருக்கிறான் என்றுகூடத் தெரியவில்லை. அவன் தாய் வேலாயி தினமும் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மறுவருடம் கம்பிவேலிக்குள் புது லயங்கள் கட்ட உத்தரவு வந்தது.

"கீழ்லயத்துக்குக் கொழாய சாக்கடைக்கு அந்தாண்ட தனியாப் போடு" என்றார் ராமசாமி.

கந்தசாமி படத்தில் எல்லாருக்கும் பொதுவாக நடுமுற்றத்தில் ஒரே குழாயைப் போட்டுக் கையெழுத்திட்டான்.

"மாத்துடா! நாலு பேரு காறித் துப்புவான்."

"மாத்த மாட்டேன்பா. என் கையெழுத்து இல்லாம இங்க ஒரு கல்லு ஏறாது. அன்னிக்கி வாயத் தொறக்காத பாவம் ஒண்ணே போதும்."

தண்ணீர் திறந்துவிட்ட காலையில் வேலாயி முதல் குடம் பிடித்தாள். ருக்குமணி காலிக் குடத்தோடு முள்கம்பிக் கதவருகே நின்று, வெளியே ஓடைக்குப் போக விடச் சொல்லிக் காவல்காரனிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். அவன் விடவில்லை.