தட்டுப்போரில் கலந்த தழை

காயவைப்பதைப் பற்றிக் கதிரேசனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காங்கேயத்துக்குத் தெற்கே அவனுடைய களத்தில் இருபது வருடமாகத் தேங்காய்ப் பருப்பு காய்கிறது. ஒரு மூடியை எடுத்து விரலால் சுண்டினாலே இன்னும் எத்தனை வெயில் வேண்டும் என்று சொல்லிவிடுவான். அந்தத் திமிர்தான் அவனை முதலில் கவிழ்த்தது.

மோட்டார் ரூமுக்குப் பின்னால், ஆமணக்குச் செடிகளுக்கு நடுவில், நாலே நாலு கஞ்சாச் செடி வளர்த்திருந்தான். விதை கொடுத்தவன் கூடப் படித்த ரவிதேஜா. நான் என்ன விற்கவா போகிறேன், படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது, அதற்குத்தானே என்று கதிரேசன் தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டான். அந்த நியாயத்தைப் பொண்டாட்டி சண்முகப்பிரியாவிடம் மட்டும் பேசவில்லை. பேசியிருந்தால் விளக்குமாறுதான் பதில் சொல்லியிருக்கும்.

அறுத்ததும் முதல் செடியைப் பருப்பைப் போடுகிற மாதிரியே மொட்டை மாடி வெயிலில் பரப்பினான். இரண்டு நாளில் அது வாசம் போய், தொட்டால் தூளாகிற சருகாகிவிட்டது. போனில் கேட்டபோது ரவிதேஜா விழுந்து விழுந்து சிரித்தான். "அட கூமுட்ட, அதென்ன தேங்காயாடா? நெழல்ல, தலைகீழாத் தொங்கவிட்டு மெதுவாக் காய வைக்கோணும்."

மிச்சத்தைப் பருப்புக் கிடங்கின் பரணில் கட்டித் தொங்கவிட்டான். காம்பு பட்டென்று ஒடிகிற பதம் வந்ததும் மொக்குகளை மட்டும் நறுக்கி ஊறுகாய் பாட்டில்களில் அடைத்தான். தினமும் மூடியைத் திறந்து காற்றுக் காட்ட வேண்டும். அந்த நேரத்து வாடைக்குச் சாம்பிராணி போட்டான். "என்னங்க, கெடங்குக்கெல்லாம் திடீர்னு பக்தி வந்துருச்சு?" என்று சண்முகப்பிரியா கேட்டபோது எலித் தொல்லை என்று ஏதோ உளறி வைத்தான்.

இத்தனையும் சமாளித்த மகா கெட்டிக்காரனுக்கு, நறுக்கிக் கழித்த தழையை என்ன செய்வதென்று தெரியவில்லை. எரித்தால் ஊரே மோப்பம் பிடிக்கும். புதைத்தால் நாய் கிளறும். சாக்கோடு ஒளித்தால் எவனாவது பிரித்துப் பார்ப்பான். யோசித்து யோசித்து, மாட்டுத் தீவனத்துக்குக் காய்ந்த சோளத்தண்டுகளை அடுக்கி வைத்திருந்த தட்டுப் போரின் ஓரத்தில் உதறிக் கலந்துவிட்டான். அவனிடம் மாடு கிடையாது, போனவருடமே விற்றாகிவிட்டது. அந்தப் போரை யார் தொடப்போகிறார்கள்?

நாலு நாள் கழித்துக் காளியாத்தாள் வந்து நின்றாள். அவன் களத்தில் ஆறு வருடமாகத் தேங்காய் உடைக்கிறவள். வீட்டில் ஒரே ஒரு மாடு, செவலை, மூன்று மாதச் சினை. அந்த வீட்டு அடுப்பு பாதி நாள் அதன் பாலில்தான் எரிந்தது.

"ஏனுங்ணா, மழையில்லாம காட்டுல ஒரு புல்லு இல்லீங்க. தட்டு ஒரு கட்டு எடுத்துக்கட்டுங்களா?"

"இதுக்கெல்லாம் கேக்கோணுமா அம்மணி? வேணுங்கறத எடுத்துட்டுப் போ" என்றான் கதிரேசன். தர்மம் செய்த திருப்தியில் அன்று சோறுகூட இரண்டு கரண்டி அதிகமாக இறங்கியது. தழை ஞாபகம் துளியும் வரவில்லை, பாவிக்கு.

மறுநாள் காலை அவள் தலைமுடி அவிழ ஓடி வந்தாள். "அண்ணா, செவலை எந்திரிக்க மாட்டீங்குதுங்க! வாயெல்லாம் கோழையா ஊத்துதுங்க!"

அவனே கால்நடை டாக்டர் இளவேனிலுக்குப் போன் போட்டான். அவனே முன்னால் ஓடினான். கட்டுத்தரையில் மாடு கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தது. எழ முயன்று முன்னங்கால் மடங்கி மறுபடி விழுந்தது. கதிரேசனின் கண் தீவனத் தொட்டிக்குள் போனது. கடித்துப்போட்ட தட்டுக்கு நடுவில், விரல் விரலாகப் பிரிந்த பச்சைச் சருகு ஒன்று ஒட்டியிருந்தது.

அவன் உதறிய தழைதான். யாரும் பார்க்காமல் அந்தச் சருகை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான். மாடு சாகக் கிடக்கும்போது அவன் கை முதலில் செய்த காரியம் அதுதான்.

டாக்டர் வந்து கண்ணைப் பிரித்துப் பார்த்தார். "என்ன தின்னுச்சு?"

"அண்ணன் ஊட்டுத் தட்டு மட்டுந்தானுங்க" என்று ஆரம்பித்த காளியாத்தாள் சட்டென்று நிறுத்தினாள். கொடுத்தவர் எதிரிலேயே அவர் தட்டைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பட்டதோ என்னவோ, அவசரமாக மாற்றினாள். "அது நல்ல தட்டுங்க டாக்டரம்மா. நாந்தான் நேத்துச் சாயங்காலம் அறுத்த காட்டோரம் கட்டிப்போட்டேன். மறுபடி துளுத்த சோளத்தக் கடிச்சிருக்கும்."

"சோளக் குருத்து வெசமாச்சே! அதுக்குப் போடற ஊசிய வேற எதுக்கும் போடக்கூடாது. தப்பாப் போச்சுன்னா ஊசியே மாட்டக் கொன்னுபோடும். சினை மாடு வேற. நிச்சயமாத் தெரியுமா?"

"என்ற தப்புத்தானுங்க. நாந்தான் அசந்துபோட்டேன்." சொல்லிவிட்டு மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு அழுதாள்.

டாக்டர் மருந்தை ஊசியில் ஏற்றினார். சொல்லித்தொலையேன்டா என்று கதிரேசனின் மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் போலீஸ், கோர்ட்டு, சண்முகப்பிரியா முகம், ஊர் வாய்.  ஊசி மாட்டின் கழுத்தருகே போனபோதுதான் கத்தினான்.

"போடாதீங்க டாக்டர்! சோளமில்லீங்க."

வேட்டி மடிப்பிலிருந்து சருகை எடுத்து நீட்டினான். டாக்டர் அதை முகர்ந்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஊசியைப் பைக்குள் வைத்துவிட்டு வேறு மருந்தை எடுத்தார். மாட்டுக்குக் குளுக்கோஸ் ஏறத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நான் போலீஸ் இல்ல. மிச்சம் இருக்கறத இன்னைக்கே அழிச்சுருங்க. அந்தப் பொண்ணு என்ற தப்பு என்ற தப்புன்னு அழுதப்பவே நீங்க சொல்லியிருக்கோணும்."

காளியாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாட்டின் நெற்றியைத் தடவுவதை மட்டும் நிறுத்தவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

சாயங்காலம் செவலை எழுந்து நின்று தண்ணீர் குடித்தது. பெருந்துறைக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த அவள் புருஷன் அங்கப்பன், அவள் சொன்ன சோளக் கதையைக் கேட்டு வீதி கேட்கிற மாதிரிக் கத்தினான். "சினை மாட்டக் கொண்டுபோயிச் சோளத்துக்குப் பக்கத்துல கட்டுவயாடி? புத்தி எங்க போச்சு?"

வாசலில் கதிரேசன் நின்றான். பக்கத்தில் சண்முகப்பிரியா. காளியாத்தாள் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாங்க. என்ற தப்புத்தானுங்க."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயையும் திறந்தான். "போகட்டும் உடு அங்கப்பா, மனுசருக்கு மறதி வாரதுதான்" என்றுதான் வந்தது.

அங்கப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க டாக்டரக் கூப்புடலீன்னா மாடு போயிருக்கும்ங்க."

"நம்மூட்டு ஆளாட்டம் பாத்துக்கறாருங்க" என்று சண்முகப்பிரியா பெருமையாகச் சொன்னாள். கதிரேசனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பாட்டில்களை அன்றே கக்கூஸில் கொட்டித் தண்ணீர் விட்டான். போரின் ஓரத்தையும் அரித்து அரித்துச் சுத்தம் செய்தான். கை வாடை மட்டும் சோப்புக்குப் போகவில்லை.

நாலாம் நாள் காளியாத்தாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். வேலை முடிந்து போகும்போது பழைய குரலிலேயே கேட்டாள்.

"ஏனுங்ணா, தட்டு ஒரு கட்டு எடுத்துக்கட்டுங்களா?"

"எடுத்துக்க அம்மணி."

அவள் போரிலிருந்து ஒரு தட்டை உருவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உதறினாள். ஓரமாக வைத்தாள். அடுத்ததை உருவினாள். ஒரு கட்டு சேர வெகுநேரம் ஆனது. இனிப் பயமில்லை, நான் சுத்தம் செய்துவிட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவள் ஒவ்வொரு தட்டாக உதறி முடிக்கிறவரை அங்கேயே நின்றான்.