மாடியில் யாரும் இல்லை

இன்ஸ்பெக்டர் கடைக்குள் நுழைந்ததும் அக்காவின் கால் தையல் மெஷினின் மிதியிலேயே நின்றுவிட்டது. மாடியில் ஏழெட்டுப் பேர் புத்தர் படத்துக்கு முன்னால் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவள் தம்பி, பள்ளிக்கூட வாத்தியார். அனுமதி இல்லாமல் கட்சி தொடங்கினால் ஜெயில் என்று போன மாதம்தான் சட்டம் வந்திருந்தது. கட்சி தொடங்கக் கூடியிருந்த இவர்கள் எதையும் தியானத்தோடுதான் தொடங்குவார்கள்; அதனால் மேலே ஒரு சத்தமும் இல்லை.

"மேல யாரும்மா?"

"யாரும் இல்ல சார். துணி மூட்டைதான்."

அவர் மாடிப்படியையே பார்த்தார். பிறகு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

அவள் தடுமாறிப் படியேறி, நடந்ததைச் சொன்னாள்.

"புண்ணியமாப் போச்சும்மா. தப்பிச்சோம்" என்றார் கூட்டத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர்.

அன்று காலைதான் எல்லோரும் புத்தர் சொன்ன ஐந்து ஒழுக்கங்களை, ஐந்து சீலங்களை, ஏற்றிருந்தார்கள். பொய் சொல்வதில்லை, தங்களுக்காகப் பிறர் சொல்லவும் விடுவதில்லை. கட்சியின் முதல் விதியே அதுதான்.

"தொடங்குறப்பவே பொய்யா அக்கா?"

"சொன்னது நான்தானே. நான் உன் கட்சி இல்லடா, துணி தைக்கிறவ."

"யாருக்காகச் சொன்னே?"

"ஊசி போட்டாலே மயங்கி விழுறவன் நீ. ஸ்டேஷன்ல அடிச்சா தாங்குவியா?"

யாரோ சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், உதடு மட்டும்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா இதை மறைச்சிட்டு நாளைக்கு எந்த முகத்தோட ஓட்டுக் கேக்கிறது?"

இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொல்ல எழுந்தான். மருந்துக்கடைக்காரர் காலடியிலேயே கிடந்த செருப்பை வெகுநேரம் தேடினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

சின்ன வயதிலிருந்தே இவன் ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். மல்லுக்கட்டிப் பயனில்லை. அவள் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் படியிறங்கினாள். தெருவைக் கடந்து டீக்கடை முன்னால் போய் நின்றாள்.

"சார், மாடியில ஆள் இருக்காங்க. கட்சி தொடங்குறாங்க. பொய் சொன்னது நான். என் தம்பி சொல்லச் சொல்லல."

இன்ஸ்பெக்டர் கிளாஸைக் கீழே வைத்தார். அவர் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போயிற்று. பின்னால் காலடிகள் கேட்டன. தம்பி ஒருவனுடையதா, எல்லோருடையதா? திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.